பிடிஎஃப்பைத் திறக்க மறுத்த ஜதூரா

ஆர்ச் லினக்ஸில் ஜதூராவை, மென்பொருள் நிறுவும் கருவியான பேக்மேன் வழியாக நிறுவினேன். பழைய மடிக்கணினிக்கு ஏற்ற இலகுவான ஆவண வாசிப்பான். மெனு, கருவிப்பட்டை எதுவும் கிடையாது, பெரும்பாலும் விசைப்பலகைதான். ஆனால் எந்தப் பிடிஎஃப்பைக் கொடுத்தாலும் கோப்பு வகை தெரியவில்லை என்றே பிழை வந்தது.

கோப்பு கெட்டுப்போயிருக்குமோ என்று ‘ஃபைல்’ கட்டளையில் பார்த்தேன். நல்ல பிடிஎஃப்தான். கோப்பு வகையை அடையாளம் காட்டும் மைம் அமைப்புகளைக் கிண்டினேன், நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். நாட்கள் போனதுதான் மிச்சம்.

விஷயம் இதுதான்: ஜதூரா வெறும் சட்டகம். பக்கத்தை வரைந்து காட்டுவது செருகுநிரலின் வேலை, அது தனித் தொகுப்பு. நிறுவி முடிக்கும்போது பேக்மேன் கடைசியில் காட்டும் விருப்பச் சார்புகள் (வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்புகள்) பட்டியலில் அது இருக்கிறது. அந்த வரிகளை யார் படிக்கிறார்கள்? ஆனால் அந்தச் செருகுநிரல்களில் ஒன்றாவது இல்லாமல் ஜதூரா எதையும் திறக்காது. ‘ஜதூரா-பிடிஎஃப்-மியூபிடிஎஃப்’ போட்டதும் கோப்பு திறந்துகொண்டது. மின்னூல் வடிவமான இபப்பும் இதிலேயே வரும். பாப்ளர் செருகுநிரலும் உண்டு, பிடிஎஃப்புக்கு இரண்டில் ஒன்று போதும். டெஜாவூ, போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளுக்குத் தனித்தனிச் செருகுநிரல்கள்.

அடுத்து இன்னொரு தலைவலி: மவுஸால் தேர்ந்தெடுத்த வரி கண்ட்ரோல்-வி அழுத்தினால் ஒட்டவில்லை. நடுப் பொத்தானை அழுத்தினால் வந்தது! தேர்ந்தெடுத்தது வழக்கமான கிளிப்போர்டுக்குப் போகாமல் நடுப் பொத்தானால் ஒட்டும் தனி இடமான முதன்மைத் தேர்வுக்குப் போகிறது. வீட்டு அடைவின் ‘.config’ கோப்புறைக்குள் ‘zathura’ என்ற கோப்புறையில் ஜதூராஆர்சி (zathurarc) என்ற அமைப்புக் கோப்பை உருவாக்கி, ‘set selection-clipboard clipboard’ என்ற ஒரே வரியைச் சேர்த்தேன். இப்போது ஒட்டுகிறது.