சைக்ஸ் என்று பெயர் இருந்தால் போதுமா? ஆங்கிலக் குடும்பப்பெயரின் வேரைத் தேடும்போது செய்யக்கூடாதவை

இங்கிலாந்தின் வடக்கே ஹடர்ஸ்ஃபீல்ட் நகரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் சின்னச் சின்ன ஓடைகள் நிறைய உண்டு. மழை பெய்தால் சலசலக்கும், வெயில் அடித்தால் வெறும் சேறு. ஒரே எட்டில் தாண்டிவிடலாம். அதை அந்தப் பக்கத்தில் 'சைக்' என்பார்கள். பல இடங்களில் ஒருவர் நிலத்துக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் அதுதான் எல்லை. ஓடைப் பக்கத்தில் குடியிருந்தவனைப் பழைய ஆவணங்களில் 'டெல் சைக்' என்று எழுதிவைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் சைக்ஸ் என்ற குடும்பப்பெயர்.

இந்த அளவுக்கு எந்தப் பெயர் அகராதியைப் புரட்டினாலும் கிடைத்துவிடும். முதல் தவறும் இங்கேதான் நடக்கிறது. பெயருக்குப் பொருள் தெரிந்ததும், குடும்பத்தின் வரலாறே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வடக்கு இங்கிலாந்தில் இல்லாத ஓடையா? ஒவ்வொரு ஓடைக்கரையிலும் ஒருவன் குடியிருந்திருப்பான், ஒவ்வொருவனும் சைக் என்று பெயர் வாங்கியிருப்பான், ஆக சைக்ஸ்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத பல குடும்பங்கள் என்றுதான் எழுத்து ஆவணங்களைப் பார்த்தவர்கள் சொல்லிவந்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மரபியல் பேராசிரியராக இருந்தவர் பிரையன் சைக்ஸ். அவருக்கு இதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமும் ஆங்கிலக் குடும்பப்பெயரும் ஒரே பாதையில் பயணம் செய்பவை. அதனால் தன் பெயர் கொண்ட ஆண்களிடம் மாதிரி சேகரித்தார். 48 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரே ஒய் அமைப்பு இருந்தது (மீதிப் பேரின் ஒய் ஏன் வேறாக இருக்கலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்). அதே வட்டாரத்தில் வேறு பெயருள்ள ஆண்களிடமோ, பிரிட்டன் முழுக்க எடுத்த ஒப்பீட்டு மாதிரிகளிலோ அது தென்படவே இல்லை. இன்றைய சைக்ஸ்களுக்கு மூதாதை ஒரே ஆள்தான் என்று 2000-இல் அவர் கட்டுரை வெளியிட்டார்.

அகராதி பல வேர் என்றது, ரத்தம் ஒரே வேர் என்றது. அதற்காக அகராதியைத் தூக்கி எறிந்துவிட்டு ரத்தம் சொல்வதை அப்படியே நம்பினால் அது இரண்டாவது தவறு. அந்த ஆய்வில் பார்த்தது நான்கே மார்க்கர்கள், அதாவது ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் நான்கே இடங்கள். இன்றைக்கு வீட்டுக்கு வரும் சோதனைகளிலேயே 37, 111 என்று பார்க்கிறார்கள். குறைந்த மார்க்கர்களில் பொருந்துவது, செல்போன் எண்ணின் முதல் நான்கு இலக்கம் ஒத்துப்போவது மாதிரி. பிரையன் சைக்ஸுக்கு வாய்த்தது அபூர்வமான அமைப்பு என்பதால் நான்கே போதுமானதாக இருந்தது. மேற்கு ஐரோப்பாவில் தடுக்கி விழுந்தால் கிடைக்கும் ஒரு ஒய் வகையோடு, அதுவும் 12 மார்க்கரில் பொருந்திவிட்டு, "எங்கள் ஆள் கிடைத்துவிட்டார்" என்று குதிக்கக் கூடாது.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. இன்று ஒரே வேர் தெரிகிறது என்பதால் அன்றும் ஒரே ஆள்தான் அந்தப் பெயரோடு இருந்தான் என்று ஆகிவிடாது. பத்துப் பேர் பத்து ஓடைக்கரையில் இருந்திருக்கலாம். 1348-இல் வந்த கொள்ளைநோயில் சிலரின் வம்சம் அடியோடு போயிருக்கலாம். மிச்சமிருந்தவர்களில் சிலருக்குப் பெண்குழந்தைகளாகவே பிறந்திருக்கலாம். ஆண் வாரிசு அற்றுப்போன இடத்தில் பெயரும் போயிற்று, ஒய்யும் போயிற்று. ஒருவனுக்கு மட்டும் மகனும் பேரனுமாகப் பெருகினால், எழுநூறு வருடம் கழித்துப் பார்க்கிறவருக்கு அவன் ஒருவன்தான் தெரிவான்.

எல்லாப் பெயரும் சைக்ஸ் மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 40 குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1678 ஆண்களைச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஸ்மித்களின் ஒய்களைக் கலைத்துப் போட்டால், தெருவில் போகிற யாரோ சிலரிடம் எடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ஸ்மித் என்றால் கொல்லன். ஊருக்கு ஒரு கொல்லன், கொல்லனுக்கு ஒரு ஸ்மித் என்று இருந்தால் வேறெப்படி இருக்கும்? மறுமுனையில் அட்டன்பரோ. அந்தப் பெயருள்ளவர்களில் 87 சதவீதம் பேருக்கு ஒரே ஒய் மரபு. பெயர் அரிதாக இருந்தால் இரு பெயர்க்காரர்கள் உறவாக இருக்க வாய்ப்பு அதிகம், பரவலாக இருந்தால் குறைவு. எனவே ஸ்மித், டெய்லர், ஜான்சன் பெயர்களில் ஒருவரைக் கண்டு உறவு கொண்டாடப் போகாதீர்கள். ஜான்சன் என்பது நம் இனிஷியல் மாதிரி, ஜானின் மகன் என்பதுதான். ஏதோ ஒரு தலைமுறையில் மாறாமல் உறைந்துபோய்க் குடும்பப்பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இப்படி உறைந்தது 1400-ஐ ஒட்டி. வடக்கில் இன்னும் தாமதம்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். ஒரு பெயர் எங்கே அதிகம் என்று பார்க்கும்போது இன்றைய வாக்காளர் பட்டியலை எடுப்பது வீண்வேலை. ரயில், ஆலை, இரண்டு உலகப்போர் எல்லாம் சேர்ந்து மக்களைக் கலக்கிவிட்டன. இந்த வேலைக்கு எல்லோரும் எடுப்பது 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முழுவதும் எழுத்துப்படி எடுக்கப்பட்டு, ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சைக்ஸைத் தேடினால் யார்க்‌ஷையரின் மேற்குப் பகுதி, குறிப்பாக ஹடர்ஸ்ஃபீல்ட் பக்கம், அப்படியே கறுத்துத் தெரியும். ஆனால் வெறும் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. லண்டனில் எந்தப் பெயரை எடுத்தாலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால்தான் பெயரின் சொந்த மண் வெளியே வரும்.

ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர்களில் இதற்கு நேர்மாறான தடுமாற்றம் ஒன்று உண்டு. மதுரையில் யாரும் யாரையும் மதுரைக்காரர் என்று கூப்பிடுவதில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். அங்கேயும் அதே கதைதான். ஆப்பிள்பியை விட்டுக் கிளம்பி இன்னோர் ஊரில் குடியேறியவனைத்தான் ஆப்பிள்பி என்றார்கள். ஆகவே அந்தப் பெயர்க்காரர்கள் ஆப்பிள்பியிலேயே குவிந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர் வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது என்பது உண்மை. அதற்காக அந்த ஊரிலிருந்து கிளம்பியவனும் வைக்கிங் ஆகிவிட மாட்டான். பெயர் வைத்தவர்கள் வந்து ஐநூறு வருடம் கழித்து அங்கே யார் வேண்டுமானாலும் குடியிருந்திருப்பார்கள்.

எழுத்துக்கூட்டலை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் 'i' எழுத்து போட்டு எழுதினால் வேறு குடும்பம், 'y' எழுத்து போட்டால் வேறு குடும்பம் என்று சைக்ஸில் சண்டையே போடுவார்கள். தேவாலயப் பதிவேடுகள் 1538-இல் தொடங்கின. அதில் பெயரை எழுதியவர் பாதிரியாரோ குமாஸ்தாவோதான். பெயருக்குரியவருக்கே பெரும்பாலும் எழுதத் தெரியாது. ஒரே ஆளின் திருமணப் பதிவில் ஒரு மாதிரியும் அடக்கப் பதிவில் வேறு மாதிரியும் இருக்கும். தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டியதுதான்.

அடுத்தது, வீட்டில் சண்டை மூட்டும் தவறு. பெயர் ஒன்று, ஒய் வேறு என்று வந்ததும் "எந்தப் பாட்டி என்ன செய்தாளோ" என்று முடிவுகட்டுவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைமுறைக்கு நூற்றில் இரண்டு இடத்தில் பெயரும் ஒய்யும் பிரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்துக்கு ஒரு தலைமுறை என்றால் எழுநூறு வருடத்தில் 23 தலைமுறை. நூறு வம்சவழிகளில் 37 எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கும். அத்தனையும் கள்ள உறவு என்றில்லை. கைம்பெண் மறுமணம் செய்திருப்பாள், பிள்ளைக்கு இரண்டாவது கணவனின் பெயர் வந்திருக்கும். மணமாகாத பெண் பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்திருப்பாள். தத்துப் போயிருப்பான். மாமனார் சொத்து கிடைக்க வேண்டுமென்று மாப்பிள்ளை பெயரை மாற்றிக்கொண்டதும் ஏராளம்.

ராஜ குடும்பமே இதற்குத் தப்பவில்லை. 1485-இல் போரில் செத்த இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடைத்தன. தாய்வழி டிஎன்ஏ, அவருடைய சகோதரி வழி வந்தவர்களோடு பொருந்தியது. ஆண்வழியைச் சரிபார்க்க, 1803-இல் இறந்த ஐந்தாம் போஃபர்ட் கோமகனின் வழியில் வந்த ஐந்து ஆண்களைப் பிடித்தார்கள். நான்கு பேருக்கு ஒரே ஒய், ஐந்தாமவருக்கு வேறு. அந்த நான்கு பேருடையதும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை! ரிச்சர்டிலிருந்து, ஆவணப்படி இரு வழிக்கும் பொது மூதாதையான மன்னர் மூன்றாம் எட்வர்ட் வரை மேலே ஏறி, அங்கிருந்து அந்தக் கோமகன் வரை கீழே இறங்கினால் 19 தந்தை-மகன் கண்ணிகள். எது அறுந்தது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஆவணத்தின்படி அறுபடாத அந்த வழியிலேயே பெயர் ஒருமுறை மாறியிருக்கிறது. போஃபர்ட் குடும்பத்து ஹென்றி என்ற கோமகனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் சார்ல்ஸ், சாமர்செட் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இன்றும் போஃபர்ட் கோமகன்களின் குடும்பப்பெயர் சாமர்செட்தான்.

ஒய் வகையை இனத்தோடு முடிச்சுப் போடுவதும் அப்படித்தான். யார்க்‌ஷையரில் ஓர் அரிய குடும்பப்பெயர். அதைச் சேர்ந்த ஒருவரிடம், மேற்கு ஆப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் காண்பது மிக அரிதான ஒய் வகை இருந்தது. ஆள் பார்க்கப் பக்கா வெள்ளைக்காரர், ஆப்பிரிக்கத் தொடர்பு பற்றி எந்தத் தகவலும் கிடையாது. அதே பெயருள்ள 18 பேரைச் சோதித்ததில் ஏழு பேரிடம் அது இருந்தது. ஆவணங்களைத் தேடிப் போனால், 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யார்க்‌ஷையரிலேயே வாழ்ந்த முன்னோர்களிடம் போய் நின்றது. 2007-இல் வெளியான முடிவு இது. இவர்களை ஆப்பிரிக்கர் என்பதா, யார்க்‌ஷையர்காரர் என்பதா? பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1024 மூதாதை இடங்கள். குடும்பப்பெயரும் ஒய்யும் பேசுவது அதில் ஒரே ஒருவரைப் பற்றி. மற்ற 1023 பேருக்கும் இந்தக் கதையில் வாயே கிடையாது, பெண்கள் அத்தனை பேரும் உட்பட. "உங்கள் பெயரும் ஒய்யும் சேர்ந்து நீங்கள் வைக்கிங் என்று காட்டுகின்றன" என்று யாராவது சான்றிதழ் விற்றால் பையை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் சுற்றுலாப் போன இடத்தில், மனைவியின் குடும்பச் சின்னம் என்று கேடயமும் சிங்கமும் போட்ட காபிக் கோப்பை வாங்கி வந்தார். இங்கிலாந்தில் குடும்பப்பெயருக்கென்று சின்னமே கிடையாது. ஒரு தனி ஆளுக்கு வழங்கப்படும், அவர் வழி வந்தவர்களுக்குப் போகும், அவ்வளவுதான். 1484-இல் தொடங்கப்பட்ட, இந்தச் சின்னங்களை வழங்கும் லண்டன் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறது. காபி நன்றாக இருந்தது என்றார்.

நம்மூரில் ஆங்கிலக் குடும்பப்பெயர் உள்ள ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. பெயர் ஆங்கிலேயத் தகப்பனிடமிருந்து வந்திருக்கலாம், ஞானஸ்நானத்தின்போது சூட்டப்பட்டதாகவும் இருக்கலாம், வளர்ப்புத் தந்தையுடையதாகவும் இருக்கலாம். மெட்ராஸ் மாகாணத்துத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன, இப்போது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. அதில் கொள்ளுத்தாத்தாவுடைய தகப்பன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு டிக்கெட் போடலாம்.