மூன்று ‘ன’ குழப்பத்துக்கு வீட்டிலேயே தீர்வு

வந்தான் என்பதை ‘வண்தான்’ என்றும் வண்டியை ‘வன்டி’ என்றும் எழுதும் பிள்ளைக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கண்ணாடி முன் நிறுத்தி ‘பந்து’, ‘நண்டு’, ‘கன்று’ மூன்றையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘பந்து’வில் நாக்கு பல்லைத் தொடும், ‘நண்டு’வில் மேலே மடியும். அடுத்து வரும் எழுத்துக்காக நாக்கு முன்கூட்டியே போய் நிற்கும் இடம் அது. எனவே த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன். தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று சொல்லவைத்தால் விதி பெயரோடு சேர்ந்தே மனதில் நிற்கும். சொல்லின் முதலில் வருவது ந மட்டும்தான்.

‘முயற்ச்சி’ என்று எழுதினால், ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று சொல்லிக்கொடுங்கள். பயிற்சி, காட்சி, கேட்க எல்லாம் இதில் அடங்கிவிடும்.

அப்புறம், கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தினமும் ஐந்து சொற்களை நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினால் போதும். நீங்கள் சொல்லும்போது ‘மூணு’ என்றோ ‘கன்னுக்குட்டி’ என்றோ சொல்லாமல், மூன்று, கன்றுக்குட்டி என்று எழுத்து கேட்கும்படி சொல்லுங்கள். இது ரொம்ப முக்கியம்.

ல, ள, ழ-வுக்கு இப்படி எளிய விதி கிடையாது. ‘மலை மேல் மழை’ போல வாக்கியமாகவே எழுதவையுங்கள்.