கருக்கலைப்பும் வேதாகமமும்: நம்முடைய சபைகளில் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பில் வாலிபர் கூட்டத்திலோ பெண்கள் ஐக்கியத்திலோ கருக்கலைப்பு என்ற பேச்சு வந்தால் அது நீளாது. ஒருவர் யாத்திராகமம் 20:13ஐ எடுத்து "கொலை செய்யாதிருப்பாயாக" என்று வாசிப்பார். இன்னொருவர் சங்கீதம் 139ஐ வாசிப்பார். பிறகு ஜெபம், தேநீர். வாசித்த வசனத்தில் பிழை இல்லை. அதை வைத்து நாம் செய்கிற வேலையில்தான் பிழை. வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும், அங்கால் கல்முனை, அக்கரைப்பற்று பக்கமும், கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடு இல்லாமல் இது நடக்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருக்கிற பிள்ளை கடவுளுடைய பிள்ளை என்றுதான் வேதாகமம் காட்டுகிறது என்று நம்புகிறவன் நான். ஆகவே கீழே எழுதியிருப்பது எதிர்ப்பக்கத்தார் விடுகிற பிழைகள் அல்ல, எங்கள் பக்கத்துப் பிழைகள்.

இல்லாத கட்டளையை இருக்கிறதாகச் சொல்வது

"கருவைக் கலைக்காதே" என்று நேரடியாகச் சொல்லும் கட்டளை வேதாகமத்தில் எங்கும் இல்லை. பழைய அசீரியர்களின் சட்டப் பலகையில் இருந்தது: தன் கருவைத் தானே கலைத்த பெண்ணைக் கழுவேற்ற வேண்டும், அடக்கம் செய்யவும் கூடாது. மோசேயின் சட்டத்தில் அப்படியொரு பிரிவைக் காண முடியாது. நேரடியான தடையைத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் ஆதித் திருச்சபையார். புதிய ஏற்பாட்டுக்கு வெளியே நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்றான திதாக்கேயில் அது இருக்கிறது.

அப்படியென்றால் வேதாகமம் எதுவும் சொல்லவில்லையா? சொல்கிறது. ஒற்றை வசனமாகச் சொல்லாமல் பல இடங்களில் சேர்த்துச் சொல்கிறது. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்கிறது ஆதியாகமம் 1:27. தாயின் கர்ப்பத்தில் என்னை உண்டாக்கியவர்தான் என் வேலைக்காரனையும் உண்டாக்கினார் என்கிறான் யோபு (31:15). "என் கருவை உம்முடைய கண்கள் கண்டது" என்று பாடுகிறது சங்கீதம் 139. இவை எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. ஆனால் சங்கீதம் ஒரு துதிப்பாட்டு, அது மருத்துவப் பாடமும் அல்ல, சட்டப் பிரிவும் அல்ல. தாயின் வயிற்றில் உருவாகும் முன்னே உன்னை அறிந்தேன் என்கிற எரேமியா 1:5 ஒரு தீர்க்கதரிசியை அழைத்த கதை. அவற்றைப் பொலிஸ் முறைப்பாட்டில் பிரிவு எழுதுவதுபோல எழுதினால், போனை வைத்திருக்கிற பதினேழு வயதுப் பிள்ளை ரெண்டு நிமிடத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சேர்த்தே நம்பாமல் போய்விடும்.

சங்கடமான பகுதியைத் தாண்டிப் போவது

யாத்திராகமம் 21:22-25ஐ நம்முடைய பிரசங்கங்களில் கேட்பது அபூர்வம். ஆண்கள் சண்டை பிடிக்கும்போது ஒரு கர்ப்பிணிக்கு அடி பட்டு, அவளுக்கு வேறே சேதமில்லாமல் கர்ப்பம் விழுந்துபோனால், அடித்தவன் தண்டம் கட்ட வேண்டும். வேறே சேதம் உண்டானால் ஜீவனுக்கு ஜீவன். சிலர் இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா, கருவுக்கு உயிர் மதிப்பே இல்லை" என்பார்கள். வேறு சிலரோ, அங்கே சொல்லப்படுவது குறைமாதத்தில் உயிரோடு பிறந்த பிள்ளை, சேதம் என்பது பிள்ளையையும் சேர்த்துத்தான் என்பார்கள். அறிஞர்களுக்குள்ளேயே இந்த வழக்கு முடியவில்லை. என் கணிப்பில் இந்தப் பகுதியை வைத்து இரண்டு பக்கத்தாருக்கும் வெற்றி கிடையாது. அது ஒரு சண்டைக்கான நட்டஈட்டுச் சட்டம். விரும்பிச் செய்கிற கருக்கலைப்பு அங்கே பேச்சுப்பொருளே அல்ல. அப்படியே சொல்லிவிட்டுப் போவதில் வெட்கமில்லை. எண்ணாகமம் 5இல், புருஷன் சந்தேகப்பட்ட மனைவிக்கு ஆசாரியன் குடிக்கக் கொடுக்கும் கசப்பான தண்ணீருக்கும் இதே பதில்தான்.

எலிசபெத்தின் வீட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருவது

லூக்கா 1ஆம் அதிகாரத்தில், மரியாளின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளுகிறது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். இதை எல்லாரும் சொல்வார்கள். அதற்கு அடுத்த வசனங்கள் இன்னும் பெறுமதியானவை. மரியாள் அப்போதுதான் கருத்தரித்தவள், வெளியே ஒன்றும் தெரியாது. அவளைப் பார்த்து எலிசபெத் "என் ஆண்டவருடைய தாயார்" என்கிறாள். பிள்ளை பிறக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்க, தாய் என்ற பெயர் வந்துவிட்டது. உயிரின் தொடக்கத்தைப் பற்றிப் பேச வேதாகமத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வீட்டில் நடந்ததை முழுவதும் பாருங்கள். நிச்சயமாகி, இன்னும் புருஷனோடு சேராத ஒரு பெண்பிள்ளை வயிற்றில் பிள்ளையோடு வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே இருக்கிற மூத்தவள் "யாருடைய பிள்ளை?" என்று கேட்கவில்லை. ஆசீர்வதித்து உள்ளே எடுக்கிறாள். 56ஆம் வசனத்தின்படி மரியாள் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கேயே இருந்தாள். மூன்று மாதச் சாப்பாடு, மூன்று மாதப் படுக்கை, அக்கம்பக்கத்தாரின் மூன்று மாதக் கேள்வி. துள்ளிய பிள்ளையை மேடையில் பேசுகிற நாம், அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டால் கிழக்கே எழுவான்கரையில் அவளை வைத்துப் பார்க்க எத்தனை கிறிஸ்தவ வீடு கதவு திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சித்தி வீடாவது இருந்தால் பிழைத்தாள்.

ஆணைக் கணக்கிலேயே எடுக்காதது

எனக்கு மிகவும் கோபம் வருகிற பிழை இது. ஆதியாகமம் 38ஐத் திறந்து பாருங்கள். மருமகள் தாமார் வேசித்தனத்தால் கர்ப்பவதியானாள் என்று கேட்டதும் யூதா, அவளை வெளியே கொண்டுவாருங்கள், சுட்டெரிக்கப்பட வேண்டும் என்கிறான். வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கின்றன, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனிடமே வாங்கி வைத்திருந்த முத்திரை மோதிரத்தையும் கைக்கோலையும் அவள் அனுப்பிவைத்த பிறகுதான், பிள்ளைகளின் தகப்பன் தானே என்று அவனுக்கு உறைக்கிறது. "என்னிலும் அவள் நீதியுள்ளவள்" என்கிறான். மத்தேயு 1ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றில் அந்தத் தாமாரின் பெயர் இருக்கிறது. யோவான் 8இலும் அதே கதைதான். விபசாரத்தில் கையும்மெய்யுமாகப் பிடித்தோம் என்று பெண்ணை இழுத்து வருகிறார்கள். லேவியராகமம் 20:10இன்படி அவனும் வந்திருக்க வேண்டும். அவன் எங்கே?

நம்முடைய ஊரிலும் அவனைத்தான் காணக் கிடைக்காது. "அவன் ஆம்பிளப் புள்ள, விடு கா" என்று ஆள் தப்பிவிடுகிறான். மிச்சம் வீட்டுக்குள்ளே நடக்கும். தாய் குவைத்திலோ சவூதியிலோ, பிள்ளை அம்மம்மாவோடு. விசயம் தெரிந்த அன்று இரவே மாமன்மார் கூடுவார்கள். தங்கச்சிமாருக்குக் கல்யாணம் பேச வேண்டும், சீதன வீட்டுக்கு அத்திவாரம் போட்டாகிவிட்டது, குடும்பப் பெயர் என்னாவது? முடிவை எடுப்பவர்கள் அவர்கள், பாவம் மட்டும் பிள்ளையின் கணக்கில். கருவைக் கலைப்பதைத் தனியொரு பெண்ணின் பிடிவாதமாக வைத்துப் பிரசங்கம் செய்கிறவர், அந்தக் கூட்டத்தில் இருந்த மாமன் முன்வரிசையில் ஆமென் சொல்வதைக் கவனிப்பதில்லை.

இன்னொன்று: பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால், அவள் சம்மதித்தாளா இல்லையா என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. அது அவளுக்கு எதிராக நடந்த குற்றம். போதகர் முன்னிலையில் "சமாதானம்" பேசி முடிக்கிற விசயமல்ல. சிறுவர் உதவி இலக்கம் 1929.

சட்டத்தை அரைகுறையாகச் சொல்வது

இலங்கையில் இது வெறும் சபைக் கட்டுப்பாடு அல்ல. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர மற்ற எல்லாக் கருக்கலைப்பும் குற்றம். மூன்று வருடம் வரை சிறை, பிள்ளையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு வருடம் வரை. வல்லுறவுக்கும் விலக்கு இல்லை. 1995இலும் 2017இலும் சில விலக்குகளைச் சேர்க்க முயற்சி நடந்தது, நிறைவேறவில்லை.

இதைச் சொல்லும்போது மறு பாதியையும் சொல்ல வேண்டும். எங்கேயோ வாங்கிய மாத்திரையைப் போட்டு இரத்தம் நிற்காமல் போகிற, காய்ச்சல் அடிக்கிற பெண்ணுக்கு அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு. அந்தச் சிகிச்சை குற்றமல்ல. பொலிஸுக்குப் பயந்து வீட்டுக்குள் வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தால் போவது அவளுடைய உயிர். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. உயிரின் புனிதம் பேசுகிற சபை முதலில் செய்ய வேண்டியது அந்த அழைப்பைத்தான்.

தானாகக் கலைந்ததையும் குழாய்க் கர்ப்பத்தையும் இதோடு குழப்புவது

ஆஸ்பத்திரிக் கார்டில், தானாகக் கலைந்த கருவுக்கும் "அபோர்ஷன்" என்றுதான் எழுதுவார்கள். அதை வாசித்துவிட்டு மருமகளைச் சந்தேகப்பட்ட மாமியார்மார் இருக்கிறார்கள். குழாய்க் கர்ப்பம் இன்னும் ஆபத்து. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில் தங்கிவிட்டால் அது வளர்ந்து பிள்ளையாக வழியில்லை, குழாய் வெடித்தால் தாய் சாகலாம். கருக்கலைப்பை மிகக் கடுமையாக எதிர்க்கிற கத்தோலிக்க ஒழுக்கவியலே, கருத்தங்கிய குழாயை எடுக்கும் சத்திரசிகிச்சையை ஏற்கிறது. "விசுவாசத்தோடு காத்திருங்கள்" என்று சொல்ல எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. வல்லுறவு, கருவின் கடுமையான குறைபாடு போன்றவற்றில் சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. வெளிநாட்டு மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் சில வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. "எல்லாக் கிறிஸ்தவரும் இப்படித்தான்" என்று அடித்துச் சொல்ல வேண்டாம்.

சாபம் என்று பயமுறுத்துவது

"அன்றைக்குக் கலைத்தாய், அதனால்தான் இன்றைக்குப் பிள்ளை இல்லை." "மூத்த பிள்ளை பேசாமல் இருப்பது அந்தச் சாபம்தான்." விடுதலைக் கூட்டங்களில் கேட்கிற பேச்சு. பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். இயேசு சொன்ன பதில் யோவான் 9:3இல் இருக்கிறது: இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மன்னிப்பே இல்லை என்பதும் வேதாகமத்தில் இல்லாத பேச்சு. கத்தோலிக்கத்தில் கருக்கலைப்பு சபைவிலக்குக்குரிய பாரதூரமான பாவம். முன்பு பல மறைமாவட்டங்களில் ஆயரோ அவர் அதிகாரம் கொடுத்த குருவோதான் அதற்குப் பாவமன்னிப்புக் கொடுக்க முடியும். 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார். ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு நடந்துபோய், ஒப்புரவுக்காக வரிசையில் நின்று, இதைச் சொல்லப் பயந்து திரும்பி வருகிறவர்களுக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

பிறந்த பிறகு காணாமல் போவது

2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் இது. ஒரு பிள்ளையின் உயிர் என்ன பெறுமதி என்று நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆனாலும் "கலைக்காதே, பெற்றுக்கொள்" என்று சொல்லி அனுப்பியவளை, பெற்ற பிறகு போய்ப் பார்க்கிறவர்கள் குறைவு. சாப்பாடில்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்வதை யாக்கோபு 2:16 கிண்டலே செய்கிறது.

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றுமில்லை. மிட்வைஃபிடம் பதிவு செய்ய யாராவது பெண் ஒருவர் கூடப் போகலாம். புருஷன் பெயர் கேட்கிற இடத்தில் அவள் தனியாக நிற்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். கிளினிக் நாளில் ஓட்டோக் காசு, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவை எடுத்துவர ஒரு ஆள், ஞானஸ்நானம் கேட்டு வரும்போது தகப்பன் பெயரைக் கேட்டு முகம் சுளிக்காத குருவானவர். பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு, அப்போதுதான் அவள் மீண்டும் பள்ளிக்கூடத்துக்கோ கார்மென்ட் வேலைக்கோ போகலாம்.

நடுச்சாமத்தில் அழைப்பு வந்தால் வசனம் சொல்லத் தொடங்காமல், எத்தனை வயது, எத்தனை மாதம், கூட யார் இருக்கிறார்கள், இரத்தம் போகிறதா, யாராவது அடித்தார்களா என்று கேளுங்கள். உங்களால் முடியாத இடத்தில் பெண்கள் உதவி இலக்கம் 1938, மனநல உதவிக்கு 1926. ஆலய அறிவித்தல் பலகையில் ஆராதனை நேரங்களுக்குக் கீழே இந்த இலக்கங்களை எழுதிவைக்க ஒரு மார்க்கர் பேனை போதும்.