கடல் மீன் தொட்டிக்கு மூடி: முதலில் அந்தக் கண்ணாடியை எடுங்கள்

மெரைன் டேங்க் புதிதாக வைத்தவர்கள் படம் அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது மீனை இல்லை, மூடியை. 40, 60 லிட்டர் தொட்டி என்றால் பெரும்பாலும் ஆரம்பத்தில் நான் செய்த அதே கோளாறு அங்கே உட்கார்ந்திருக்கும். மூடியே போடாதவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. துள்ளி வெளியே குதிக்கும் ஃபயர்ஃபிஷ் என்ற சின்ன மீன் ஒன்றை வாங்கி விட்டால் அதுவே சொல்லிவிடும்.

விளிம்புக்கு விளிம்பு கண்ணாடி

தொட்டி வாங்கும்போதே அளவாக வெட்டிய கண்ணாடியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் போட்டால் தண்ணீர் அதிகம் ஆவியாகாது, ஆர்.ஓ. தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டாம் என்பது கணக்கு. தண்ணீர் குறைந்தால் உப்பு ஏறிவிடுமே என்ற பயத்தில் நியாயம் உண்டு. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும். 40 லிட்டரில் 2 லிட்டர் குறைந்தால், கிலோவுக்கு 35 கிராமாக இருந்த உப்பு கிட்டத்தட்ட 37 ஆகிவிடும்.

ஆனால் சென்னை மாதிரி ஊரில் அந்த ஆவியாதல்தான் தொட்டிக்கு ஏ.சி. ஒரு நாளில் 1 லிட்டர் ஆவியானால், 28 வாட் ஹீட்டர் ஒன்று 24 மணி நேரமும் கொடுக்கும் அளவு சூட்டை அது வெளியே கொண்டுபோகிறது. கண்ணாடியைப் போட்டு அடைத்தால் பம்ப்பும் லைட்டும் தரும் சூடு உள்ளேயே நிற்கும். 26 டிகிரியில் இருக்க வேண்டிய தண்ணீர் மே மாதத்தில் சுலபமாக 32-ஐத் தொடும். சூடு ஏற ஏற ஆக்சிஜன் கரைவது குறையும். உப்புத் தண்ணீரில் அது ஏற்கெனவே நல்ல தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மீன் விடும் கார்பன் டை ஆக்சைடும் போக வழியில்லாமல் தங்கி, 8.1, 8.3 என்று இருக்க வேண்டிய பி.எச். இறங்கும். டெஸ்ட் கிட்டில் அதைப் பார்த்துவிட்டு, பி.எச்.சை ஏற்றும் பஃபர் பொடி வாங்கிக் கொட்டுகிறார்கள். மூடியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வேளச்சேரியில் ஒரு தம்பி. கோடையில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய், தண்ணீரை ஓட வைக்கும் வேவ்மேக்கர் நின்றுவிட்டது. கண்ணாடி அசையக் கூடாதென்று அதன் மேல் புத்தகம் வேறு அடுக்கி வைத்திருந்தார். விடிந்து பார்த்தால் கிளவுன் மீன் ஜோடியும் கிளீனர் இறாலும் போய்விட்டன. "கரண்ட்தான் அண்ணா சாகடிச்சிடுச்சு" என்றார். புது மீன் வாங்கினார். அதே கண்ணாடியைக் கழுவித் துடைத்து மறுபடியும் போட்டார்! செத்த மீனுக்கான காசைவிட இதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

வலை சரி, எந்த வலை?

கண்ணாடிக்குப் பதிலாக வலை மூடி போடுங்கள். கொசுவலை ஜன்னல் அடிக்கும் கடையில் அளவைச் சொன்னால் பவுடர் கோட்டிங் போட்ட அலுமினிய ஃப்ரேமில் ரப்பர் பீடிங் வைத்து வலையை இழுத்துக் கட்டித் தருவார்கள். வலையை மட்டும் நீங்கள் வாங்கிக்கொண்டு போங்கள்: 6 மி.மீ. கண் உள்ள, நிறமில்லாத பிளாஸ்டிக் வலை. கொசுவலையின் கண் ரொம்பச் சின்னது, லைட்டைத் தடுக்கும், உப்புப் படிந்து அடைத்தும் போகும். பால்கனிக்குக் கட்டும் புறா வலையை மிச்சம் இருக்கிறதே என்று போடுபவர்களும் உண்டு. அதில் ஃபயர்ஃபிஷ் உரசாமலே வெளியே போய்விடும்.

வலைக்கு மேல் சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணீரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அவ்வளவு இறங்காது. தொட்டியில் ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். உப்புத் தண்ணீர் அல்ல.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை, பித்தளை வலை

வேண்டாம். துத்தநாகமோ செம்போ தண்ணீரில் இறங்கினால் இறாலும் நத்தையும்தான் முதலில் சாகும்.

அக்ரிலிக் ஷீட்

வளைந்துவிடும்.

பைப் போகும் மூலை

ஃபில்டருக்காகப் பின்பக்கம் வெட்டிய ஓட்டையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். லைட் டக்கென்று அணைந்தாலோ, பழைய மீன் புதியதைத் துரத்தினாலோ, மிரண்ட மீன் ஓரமாக ஓடி மூலைக்குத்தான் வரும். பைப்பைச் சுற்றி வலைத்துண்டு ஒன்றை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். அப்புறம், தீனி போடுவதற்காக ஃப்ரேமைத் தூக்காதீர்கள், ஒரு நாள் திருப்பி வைக்க மறந்துவிடுவீர்கள். சின்ன பெல்லட் 6 மி.மீ. கண் வழியாகவே உள்ளே விழும்.