மெயின் குளோஸ் எது, சபோர்டினேட் குளோஸ் எது? வினையிலிருந்து தொடங்குங்கள்

ஓ.எல் பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "தனித்து நின்றால் மெயின் குளோஸ், நிற்காவிட்டால் சபோர்டினேட் குளோஸ்." குளோஸ் என்றால் ஒரு எழுவாயும் அதற்குரிய வினையும் கொண்ட வாக்கியப் பகுதி; மெயின் என்பது முதன்மையானது, சபோர்டினேட் என்பது அதைச் சார்ந்தது. வரி பிழையில்லை. ஆனால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அதை முதலில் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு தொடர் தனித்து நிற்கிறதா இல்லையா என்று தெரிய, அந்த மொழி காதில் ஏறியிருக்க வேண்டும். வன்னியில் பரந்தனிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து படிக்கிற பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழுவதே பாடவேளையிலும் ரியூசனிலும்தான். அதனால் காதை நம்பாமல் கண்ணால் பார்த்துப் பிடிக்கிற வழியைச் சொல்கிறேன். தனித்து நிற்கிறதா என்ற கேள்வியைக் கடைசியில் கேட்டால் போதும்.

வாசிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். நீங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, பென்சிலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழில் ஒரு தடவை

"மழை பெய்தால் அருவி வெட்ட முடியாது." (அருவி வெட்டுவது என்றால் நெல் அறுப்பது.) இதில் "மழை பெய்தால்" மற்றதைச் சார்ந்து நிற்கிறது. எப்படித் தெரிந்தது? வினையின் வாலைப் பார்த்து. "பெய்யும்" என்றிருந்தால் கதை முடிந்திருக்கும். "பெய்தால்" என்றதும் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிறோம். பெய்தபோது, பெய்ததால், பெய்தாலும், பெய்த என்று எல்லாவற்றிலும் வேலை நடப்பது வாலில்தான்.

இதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள்: "இஃப் இட் ரெயின்ஸ், வீ கான்ட் ஹார்வெஸ்ட்." இதில் "இட் ரெயின்ஸ்" முழுசாகவே இருக்கிறது. எழுவாய் உண்டு, காலம் காட்டும் வினையும் உண்டு. அதைச் சார்பாக்கியது முன்னால் வந்து நிற்கிற "இஃப்" மட்டும்தான். தமிழில் வாலில் இருக்கிற அடையாளம் ஆங்கிலத்தில் தலையில் இருக்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இதுதான். வினை முழுசாக இருப்பதைக் கண்டதும் "இது மெயின்" என்று கோடு போட்டுவிடுவார்கள்.

படி 1: காலம் காட்டும் வினைகளுக்கு வட்டம் போடுங்கள்

வாக்கியத்தில் எத்தனை குளோஸ் என்பதை அதிலுள்ள காலம் காட்டும் வினைகளே சொல்லிவிடும். "த டிரெயின் கேம் டு கிளிநொச்சி இன் 2013." வட்டம் "கேம்" என்ற சொல்லுக்கு. ஒரு வினை, ஒரு குளோஸ். துணைவினையோடு வந்தால், உதாரணமாக "ஹாஸ் பீன் ரன்னிங்", மூன்று சொல்லுக்கும் சேர்த்து ஒரே வட்டம்.

ஏமாற்றுகிற வினைகள் முக்கியமாக இரண்டு வகை. "டு" முன்னால் வருபவை, துணைவினை இல்லாமல் "இங்" என்று முடிபவை. "வீ ஸ்டொப்ட் அட் முறிகண்டி டு பை பீனட்ஸ்." முறிகண்டியில் கச்சான் வாங்க நிறுத்தினோம். வட்டம் "ஸ்டொப்ட்" மட்டும். "டு பை" கணக்கில் இல்லை. "த வுமன் செல்லிங் பீனட்ஸ் கேவ் மீ த சேஞ்ச்." இதில் "கேவ்" மட்டும்.

சந்தேகம் வந்தால் வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். நேற்று நடந்ததை ஒவ்வொரு நாளும் நடப்பதாக மாற்றினால் "ஸ்டொப்ட்" என்பது "ஸ்டொப்" ஆகும். "டு பை" அசையாது. எது மாறுகிறதோ அதுதான் வட்டத்துக்கு உரியது.

வன்னியிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் தோல்வியைக் குறித்து ஆங்கிலேயர் நட்ட கல்லில் பொறித்திருந்த வாக்கியம்: "ஹியர்அபவுட்ஸ் கப்டன் வொன் டிரிபேர்க் டிஃபீட்டட் பண்டார வன்னியன்", அதோடு 1803 ஒக்டோபர் 31 என்ற திகதி. இடம், ஆள், திகதி எல்லாம் இருந்தும் வினை "டிஃபீட்டட்" ஒன்றுதான். ஆகவே ஒரே மெயின் குளோஸ். சபோர்டினேட்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதையே இப்படி எழுதினால் நிலைமை மாறும்: "கற்சிலைமடு இஸ் த பிளேஸ் வேர் வொன் டிரிபேர்க் டிஃபீட்டட் பண்டார வன்னியன்." இப்போது "இஸ்", "டிஃபீட்டட்" என்று இரண்டு வட்டம். அப்படியென்றால் குளோஸும் இரண்டு.

படி 2: ஒவ்வொரு வட்டத்துக்கும் எழுவாயைத் தேடுங்கள்

வினையைப் பார்த்து "யார்?" அல்லது "எது?" என்று கேளுங்கள். கிடைத்ததன் கீழே கோடு போடுங்கள். இது சின்ன வேலை. ஆனால் குளோஸ் எங்கே தொடங்குகிறது என்பதை இதுதான் காட்டித் தரும்.

படி 3: எழுவாய்க்கு முன்னால் நிற்கிற சொல்லைப் பாருங்கள்

பிகோஸ், இஃப், அன்லெஸ், வென், வைல், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், சின்ஸ், ஓல்தோ, தட், ஹூ, விச், வேர், வாட், வை, ஹவ். இவற்றில் ஒன்று குளோஸின் தலையில் இருந்தால் அது சபோர்டினேட். தலையில் எதுவும் இல்லாதது மெயின். அன்ட், பட், ஓர், சோ ஆகியவை இந்தக் கூட்டத்தில் சேராது. அவை இரண்டு மெயின் குளோஸைச் சமமாக இணைக்கும். ஒன்றை மற்றதற்குக் கீழே தள்ளாது. "த ரெயின் ஸ்டொப்ட் அன்ட் வீ வென்ட் ஹோம்" என்பதில் இரண்டுமே மெயின்.

தலைச்சொல்லைக் கண்டவுடன் முடிவெடுக்கவும் கூடாது. "ஆஃப்டர் த ஹார்வெஸ்ட்" குளோஸ் அல்ல. அதற்குள் வினை இல்லை. "ஆஃப்டர் வீ ஹார்வெஸ்டட்" குளோஸ். பிஃபோர், அன்டில், சின்ஸ் எல்லாம் இப்படி இரண்டு பக்கமும் ஓடித் திரிகிற சொற்கள். வட்டத்தை முதலில் போடச் சொன்னது இதற்காகவும்தான்.

பரீட்சைத் தாளில் அடிக்கடி சிவப்புக் கோடு வாங்குகிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஓல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்." ஓல்தோ வந்தால் பட் வரக்கூடாது. முதல் குளோஸ் சார்பு என்று ஓல்தோ சொல்லிவிட்டது. பிறகு பட் வந்து இரண்டும் சமம் என்கிறது. ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நடுவில் புகுந்த குளோஸ்

அதிகம் பயிற்சி வேண்டியது இந்த வகைக்குத்தான். "த டிரக்டர் தட் மை அங்கிள் போட் ஸ்டொப்ட் அட் பரந்தன்." மாமா வாங்கின டிரக்டர் பரந்தனில் நின்றுவிட்டது. வட்டம்: போட், ஸ்டொப்ட். இரண்டு வினையும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். அப்படி நின்றால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் எல்லை.

வாங்கியது யார்? மாமா. அவருக்கு முன்னால் "தட்". ஆகவே "தட் மை அங்கிள் போட்" சபோர்டினேட். அதைப் பெருவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்: "த டிரக்டர் ஸ்டொப்ட் அட் பரந்தன்." மெயின் குளோஸ் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடந்திருக்கிறது. நின்றது மாமா அல்ல, டிரக்டர் என்பதும் இப்போது தெளிவு. மாமாதான் பரந்தனில் நின்றார் என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு!

சில வேளை தலைச்சொல்லே எழுவாயாகவும் இருக்கும். "த லாம்ப் தட் இஸ் லிட் அட் வற்றாப்பளை பேர்ன்ஸ் வித் சீ வோட்டர்." வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழமையைச் சொல்கிற வாக்கியம். "இஸ் லிட்" என்பதற்கு எழுவாய் "தட்" தான். ஏற்றப்படுகிற விளக்கு என்று தமிழில் பெயரெச்சமாக வருவது ஆங்கிலத்தில் இப்படிப் பெயருக்குப் பின்னால் வந்து உட்காரும்.

படி 4: இப்போது தனித்து நிற்கிறதா என்று பாருங்கள்

"பிகோஸ் த ரோட் வோஸ் அண்டர் வோட்டர்." வீதியில் வெள்ளம் நின்றதால்... சரி, அதனால் என்ன? பதில் இல்லாமல் தொங்குகிறது. சபோர்டினேட்தான்.

இந்தச் சோதனை வழுக்குகிற இடமும் ஒன்று உண்டு. "ஐ திங்க் த பஸ் ஹாஸ் கோன்." வட்டம் இரண்டு: திங்க், ஹாஸ் கோன். தலைச்சொல் எங்கும் இல்லை. தனித்து நிறுத்திப் பார்த்தால் "த பஸ் ஹாஸ் கோன்" நன்றாகவே நிற்கிறது. ஆனாலும் அது சபோர்டினேட், "ஐ திங்க்" தான் மெயின். நடுவில் "தட்" ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிக்கத் தமிழே உதவும். "பஸ் போய்விட்டது என்று நினைக்கிறேன்" என்பதில் "என்று" வருகிறது அல்லவா? அது வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் "தட்" போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அதற்குப் பின்னால் வருவது சபோர்டினேட். திங்க், நோ, சே, ஹோப் போன்ற வினைகளுக்குப் பக்கத்தில் இதை எதிர்பார்க்கலாம். "த டிரக்டர் மை அங்கிள் போட்" என்று முன்னைய வாக்கியத்திலும் "தட்" காணாமல் போகலாம். அடுத்தடுத்து நிற்கிற வினைகள் அப்போதும் காட்டிக் கொடுக்கும்.

கமாவுக்கு ஒரு வரி போதும்: இஃப், வென், பிகோஸ் போன்றவற்றில் தொடங்குகிற குளோஸ் முதலில் வந்தால் அதன் முடிவில் கமா, மெயின் முதலில் வந்தால் பொதுவாக வேண்டாம்.

ஒரு நீண்ட வாக்கியம்

2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அதை வைத்துப் பயிற்சிக்காக ஒரு வாக்கியம்: "வென் த கேட்ஸ் ஒஃப் இரணைமடு வேர் ஓப்பன்ட், த பீப்பிள் ஹூ லிவ்ட் பிலோ த டாங்க் மூவ்ட் டு த ஸ்கூல் பிகோஸ் த ரோட்ஸ் வென்ட் அண்டர் வோட்டர்."

பார்க்கப் பயமாக இருக்கும். வட்டத்தைப் போடுங்கள்: வேர் ஓப்பன்ட், லிவ்ட், மூவ்ட், வென்ட். நான்கு வினை, நான்கு குளோஸ். தலைச்சொற்கள்: வென், ஹூ, பிகோஸ். மூன்று தலைச்சொல், மூன்று சபோர்டினேட். தலைச்சொல் இல்லாமல் மிஞ்சியது "மூவ்ட்". போனது யார்? "த பீப்பிள்." ஆகவே மெயின் "த பீப்பிள் மூவ்ட் டு த ஸ்கூல்." மிச்சம் எல்லாம் எப்போது, எந்தச் சனம், ஏன் என்ற கேள்விகளுக்குப் பதில்.

அந்தக் கேள்விகளை வைத்தே வகையும் பிரிக்கலாம். எப்போது, ஏன், எங்கே, என்ன நிபந்தனையில் என்பதற்குப் பதில் என்றால் அட்வேர்ப் குளோஸ். எந்த ஆள், எந்தப் பொருள் என்று ஒரு பெயரை விளக்கினால் அட்ஜெக்டிவ் குளோஸ். "என்ன நினைக்கிறாய்?", "என்ன சொன்னார்?" என்பதற்குப் பதில் என்றால் நவுன் குளோஸ். எங்கே என்று பொருள்படும் "வேர்" (மேலே "வேர் ஓப்பன்ட்" என்பதில் வந்த துணைவினை அல்ல) மூன்றிலும் வரும். அதனால் சொல்லைப் பார்த்து வகை சொல்லாமல் கேள்வியைக் கேளுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

அ. "ஐ வில் வெயிட் ஹியர் அன்டில் த பஸ் கம்ஸ்."
ஆ. "ஆஃப்டர் த ஹார்வெஸ்ட், மை ஃபாதர் ரிப்பெயர்ட் த ஃபென்ஸ்."
இ. "த மான் ஹூ கார்ட்ஸ் த ஃபீல்ட் செட் ஹீ ஹேர்ட் த எலிஃபன்ட்ஸ்."

விடைகள். அ: மெயின் "ஐ வில் வெயிட் ஹியர்", மற்றது அட்வேர்ப் குளோஸ். ஆ: வினை ஒன்றுதான், சபோர்டினேட் இல்லை. இ: காவலுக்கு இருப்பவர் யானைச் சத்தம் கேட்டதாகச் சொன்னார் என்ற வாக்கியம். மூன்று வட்டம், "ஹூ கார்ட்ஸ் த ஃபீல்ட்" அட்ஜெக்டிவ், "ஹீ ஹேர்ட் த எலிஃபன்ட்ஸ்" ஒளிந்த தட்டோடு வருகிற நவுன் குளோஸ், மெயின் "த மான் செட்". சில இலக்கண நூல்கள் நவுன் குளோஸையும் மெயினுக்குள்ளேயே சேர்த்துக் கணக்கெடுக்கும். பள்ளிக்கூட முறையில் பிரித்து எழுதினால் சரி.