மீன் தொட்டியில் பாதாம் சருகு: ராமநாதபுரம் தண்ணீரில் எங்கே தவறுகிறோம்?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரு நாட்டுப் பாதாம் மரம் கண்ணில் பட்டுவிடும். வெளியூரில் பைட்டர் மீன் வளர்ப்பவர்கள் அதன் சருகை இணையத்தில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் அதையே காலையில் கூட்டித் தள்ளிக் கொளுத்துகிறார்கள். சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வந்து தொட்டியில் போடுவதில் குற்றமில்லை. ஆனால் தொட்டியில் இருப்பது எந்தத் தண்ணீர் என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். நம் ஊரில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சருகு ஊறும்போது டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஹியூமிக் அமிலங்களும் தண்ணீரில் இறங்கும். தண்ணீர் பழுப்பாகும், பி.எச். (இந்த எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) குறையும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நிறம் மாறுவது உறுதி. பி.எச். குறைவது தண்ணீரில் இருக்கும் கார்பனேட்டைப் பொறுத்தது. இலையிலிருந்து வரும் அமிலம் மென்மையானது. கார்பனேட் நிறைய இருந்தால் வருகிற அமிலத்தை வந்தவுடனேயே அது முறித்துவிடும். கடலோரத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமுமானது. வாளியில் வெள்ளைப் படிவம் ஏறும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கார்பனேட் கடினத்தன்மை லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரில் நாலைந்து இலை போட்டு பி.எச். கணிசமாக இறங்கும் என்று காத்திருப்பது வீண். இறங்கவில்லையே என்று இன்னும் பத்து இலையைத் திணிப்பார்கள். பி.எச். அப்படியே நிற்கும், அழுகும் குப்பை மட்டும் கூடும்.

இதற்கு மேல் தொட்டியின் மூலையில் ஒரு சங்கு, அடியில் கடற்கரை மணல், நடுவில் அழகுக்கு ஒரு பவளத் துண்டு. மூன்றிலும் இருப்பது கால்சியம் கார்பனேட். இலை ஒரு பக்கம் அமிலம் விட, இவை மறுபக்கம் கரைந்து அதை முறித்துக்கொண்டே இருக்கும். மணலில் சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி எடுத்துக் காய வைத்து அதன்மேல் வினிகரை விட்டுப் பாருங்கள். பொடிப் பொடியாக நுரைத்தால் அதில் கிளிஞ்சல் தூள் இருக்கிறது, நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம். பவளத்தைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் செத்து ஒதுங்கிக் கிடந்ததுதானே என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

அப்படியானால் போர் தண்ணீரில் சருகு போடுவதே வீணா என்று கேட்டால், இல்லை. பைட்டர் மீன் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். இறால் அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேயும். கப்பி, மோலி மீன்கள் கடினத் தண்ணீரையே விரும்புகிறவை என்பதால் அவற்றுக்கு பி.எச். இறங்க வேண்டிய அவசியமே கிடையாது. அந்தத் தொட்டிகளில் இலையை நிழலுக்கும் மேய்ச்சலுக்கும் போட்டோம் என்று நிம்மதியாக இருங்கள்.

தொட்டியில் கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்களின் தவறு இதற்கு நேர் எதிரானது. கேனில் வரும் ஆர்.ஓ. (உப்பு நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீரில் கார்பனேட் ஏறக்குறைய இருக்காது. தடுக்க ஆள் இல்லாததால், போர் தண்ணீரில் ஒன்றும் செய்யாத அதே இலை இங்கே பி.எச்.ஸை விறுவிறுவென்று இழுத்துவிடும். 6க்குக் கீழே போனால் பில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாக்களும் மந்தமாகிவிடும். முழுக் கேன் தண்ணீரில் இலை போடாதீர்கள். கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்து, அந்த விகிதத்தை எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதே கலவையை ஊற்றுங்கள். வெயிலில் ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப மட்டும் கேன் தண்ணீரைத் தனியாக ஊற்றலாம். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்; மேலும் மேலும் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் குளோரினுக்கு இலையை நம்ப வேண்டாம். ஒரு நாள் பிடித்து வைத்து காற்று விடுங்கள், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைப் போடுங்கள்.

அடுத்தது, பச்சை இலையைப் பறித்துப் போடுவது. பாதாம் இலை சிவந்து, பழுத்து, தானாக உதிர்வதற்குள் அதில் இருக்கும் சத்தில் பெரும்பகுதியை மரம் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும். பறித்த இலையில் சர்க்கரையும் புரதமும் அப்படியே இருக்கும். தண்ணீரில் அது அழுகி அம்மோனியாவாகும். அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஏற ஏறக் கூடுகிறது. 7இல் இருப்பதைப் போல 8இல் ஏறத்தாழ பத்து மடங்கு. மென்னீர்த் தொட்டியில் மீன் தாக்குப்பிடிக்கும் அளவு அழுகல், நம் போர் தண்ணீரில் அதைக் கொன்றுவிடும். கோடையில் இன்னொரு இடியும் சேர்கிறது. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் நன்னீர், 32 டிகிரியில் 7.3தான் பிடிக்கும். அழுகல் அதிலும் பங்கு கேட்கும். சித்திரை வெயிலில் மதியம் கரண்டு போய் ஏர் பம்ப் நின்றால், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும்.

உதிர்ந்த இலையிலும் பொறுக்கி எடுக்க வேண்டும். கொசுப்புகை அடிக்கும் தெருவோரம், எண்ணெய் சிந்தும் பட்டறை வாசல், கருவாடு காயும் களத்தருகே கிடப்பவை வேண்டாம். முழுதாகப் பழுப்பாகி, பூஞ்சைப் புள்ளி இல்லாதவை போதும். கடலுக்கு மிக அருகில் நிற்கும் மரத்தின் இலையில் உப்புக்காற்று படிந்திருக்கும். விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாலே தெரியும். அந்த உப்பு ஈரத்தை இழுப்பதால், காலையில் மொறுமொறுவென்று இருந்த சருகு மாலைக் காற்றில் தொய்ந்துவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நிழலில் உலர்த்தி, அப்பளம்போல் படக்கென்று ஒடிகிறதா என்று பார்த்த பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பொறுக்கியது பூஞ்சை பிடிக்காமல் காய்வது கஷ்டம். தை, மாசியில் மரம் உதிர்க்கும்போது ஒரு வருடத்துக்குச் சேர்த்து வைப்பதே புத்திசாலித்தனம்.

பாதாம் சருகு ஆகுமென்றால் எல்லாச் சருகும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. கொய்யா, பலா, வாழைச் சருகுகளைப் பலர் பயன்படுத்துகிறார்கள், நன்றாக உலர்ந்திருந்தால் சரி. அரளி, எருக்கு போன்ற பாலுள்ள செடிகள் கூடவே கூடாது. வேப்பிலையைக் கிருமிநாசினி என்று போடுகிறவர்கள் உண்டு. அதில் இருக்கும் பூச்சிக்கொல்லிப் பொருள் மீனையும் இறாலையும் தாக்கும். காரங்காடு அலையாத்திக் காட்டுப் பக்கம் போய் இலை பொறுக்க வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட இடம் என்பது ஒன்று. சதுப்பு நிலத்தில் வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் என்பது மற்றொன்று. மாவட்டம் முழுக்க நிற்கும் சீமைக் கருவேலத்தின் பொடி இலை தொட்டிக்கு உதவாது, பில்டர் பஞ்சை அடைப்பதுதான் அதன் வேலை.

அளவு? 20 லிட்டருக்கு நடுத்தர இலை ஒன்றில் தொடங்குங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு வேண்டுமானால் இன்னொன்று. சருகு முதல் சில நாள் மிதக்கும். அதற்காகக் கல் கட்டுவது தேவையில்லாத வேலை. அவசரமென்றால் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஒரு கட்டு இலையை மணிக்கணக்கில் வேகவைத்து, அந்தக் கருஞ்சாற்றை மொத்தமாகத் தொட்டியில் கவிழ்ப்பதைத்தான் செய்யக் கூடாது. மீனுக்கு மெதுவான மாற்றம் தாங்கும், திடீர் மாற்றம் தாங்காது.

சில நாளில் இலைமேல் வெள்ளையாக வழுவழுப்பு படரும். கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறார்கள். இறால் வளர்ப்பவர் எதிர்பார்த்துக் காத்திருப்பதே அந்தப் படலத்தைத்தான். நரம்பு மட்டும் மிஞ்சும்வரை இலையை விட்டுவைக்கலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் மட்டும் அன்றைக்கே எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

பாதாம் இலையை மருந்துக் கடையாக எண்ணுவதும் நடக்கிறது. டானினுக்குக் கிருமிகளைக் கொஞ்சம் அடக்கும் குணம் உண்டு, லேசான துடுப்புக் கிழிசலில் உதவலாம். வெண்புள்ளி நோய் உடம்பெங்கும் பரவிய மீனுக்கு அது போதாது, உரிய மருந்து வேண்டும். மருந்து போடும் நாட்களில் பில்டரில் கரித்தூள் பை இருந்தால் எடுத்துவிடுங்கள். இலையின் பழுப்பை உறிஞ்சும் அந்தக் கரி, மருந்தையும் உறிஞ்சிவிடும்.