பாலும் இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போனபின் ஊருக்குப் போகிறவர்களுக்கு

நாற்பதைத் தாண்டியபின் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வெளிநாட்டிலிருந்து போய்ச் சொன்னால் யாழ்ப்பாணத்து ஊரில் பலர் நம்பமாட்டார்கள். "சின்னனில செம்போட குடிச்சனீயெல்லோ பிள்ளை, அதென்ன இப்ப புதுசா?" என்று மாமி கேட்பார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. பாலிலுள்ள லக்டோஸ் என்ற சீனியைச் செமிக்க வைப்பது லக்டேஸ் என்ற நொதியம். பால்குடி மறந்தபின் அது பெரும்பாலான மனிதருக்குக் குறைந்துகொண்டே போகும், எங்கள் ஆட்களில் பெரும்பான்மையோருக்கும் அப்படித்தான். வயிறு ஊதுவதும் இரைவதும் கழிசலும் வயது போகப் போகத் தெரியவருவது அதனால்தான்.

ஒவ்வாமை வேறு கதை. அது பாலின் சீனியோடு அல்ல, புரதத்தோடு உடம்பு போடும் சண்டை. பாலில் மட்டுமல்ல, இறால், நண்டு, கச்சான், கஜு, எள்ளு எதிலும் வரலாம். வளர்ந்தபின் புதிதாகத் தொடங்குவதில் இறாலும் நண்டும் முன்னுக்கு நிற்கின்றன. வயிற்றுக் கோளாறைக் கணக்குப் பார்த்துச் சமாளிக்கலாம். ஒவ்வாமையில் கணக்கும் இல்லை, பேரமும் இல்லை. உங்களுக்கு எது என்பதைப் பயணச்சீட்டு வாங்க முன்னரே உங்கள் டொக்டரிடம் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்தக் குளிசை பண்ணும் கழிசலுக்குப் பாலைப் பழி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் செமிக்காதவர்களின் கணக்கைப் பார்ப்போம். பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக லக்டோஸ் இருக்கிறது. ஒரு தேத்தண்ணிக்குத் தாராளமாக 10 கிராம் மா போட்டாலும் லக்டோஸ் 4 கிராம் அளவில்தான் வரும். ஒரு பெரிய கிளாஸ் பாலில் இருக்கும் 12 கிராமையே சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் பலர் தாங்கிக்கொள்வார்கள். ஆகவே ஒரு தேத்தண்ணி ஆளை விழுத்தாது. விழுத்துவது ஊர்ச் சுற்று. காலையில் சித்தி வீடு, பத்து மணிக்குப் பெரியப்பா வீடு, மத்தியானத்துக்குப் பிறகு படித்த பள்ளிக்கூட வாத்தியார், பின்னேரம் இரண்டு வீடு. எல்லா இடத்திலும் பால் தேத்தண்ணி, தட்டில் பிஸ்கட், சில இடத்தில் பட்டர் கேக்கும். இரவு கட்டிலில் கிடந்து வயிற்றைத் தடவ வேண்டியதுதான்.

இதற்கு ஒரே வழி, கேத்தில் அடுப்பில் ஏற முன்னர் சொல்லிவிடுவது. செருப்பைக் கழற்றும்போதே "மாமி, எனக்குப் பிளேன் ரீ போதும், இஞ்சி தட்டிப் போடுங்கோ" என்று விடுங்கள். எதைப் போடவேண்டும் என்று நீங்களே கேட்டால் அவருக்கும் சந்தோசம். தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டியபின் மறுத்தால்தான் முகம் வாடும். லக்டேஸ் குளிசையை வெளிநாட்டிலிருந்தே கொண்டுபோங்கள். முதல் வாயோடு விழுங்கவேண்டும். கொதிக்கிற தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்கினால் நொதியம் சூட்டில் செத்துவிடும்.

தயிர் பலருக்குப் பிரச்சினை தராது, புளிக்கும்போது லக்டோஸில் ஒரு பகுதி போய்விடுகிறது. நெய்யில் லக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். சொதி, பால் அப்பம், பாற்சோறு எல்லாம் தேங்காய்ப்பால், பயமில்லை. ஆனால் பொங்கலிலும் பாயாசத்திலும் பசுப்பாலும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தே விழும். "பால் விட்டதோ?" என்று பொதுவாகக் கேட்டால் தேங்காய்ப்பாலுக்கும் ஓம் என்றுதான் பதில் வரும். பசுப்பாலோ, பால்மாவோ, டின்பாலோ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பால் புரதம் ஒவ்வாதவர்கள் மேலே சொன்ன சலுகைகளைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. தயிர், மோர், நெய், எருமைத் தயிர், ஆட்டுப்பால் எல்லாமே விலக்கு. லக்டேஸ் குளிசை இங்கே ஒன்றுக்கும் உதவாது. திவசத்து இலையில் சத்தமில்லாமல் கிடக்கும் மோர்மிளகாயும் மோரில் ஊறிக் காய்ந்ததுதான். கோயிலில் பஞ்சாமிர்தமோ அபிஷேகப் பாலோ தந்தால் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம். சாமி கோபிக்காது. ஐயரும் கவனிக்கமாட்டார்.

இனி இறால், நண்டு. இங்கே "ஒதுக்கிவிட்டுச் சாப்பிடு" என்ற அன்புதான் ஆபத்து. ஒடியற் கூழில் மீனும் நண்டும் இறாலும் ஒரே பானையில் கொதிக்கின்றன. இறாலை மட்டும் பொறுக்கி எடுத்தால் போதாது. அதன் புரதம் தண்ணீரில் இறங்கும், கொதித்தாலும் அழியாது. உழுந்து வடை கேட்டாலும் அது இறால் வடை பொரித்த அதே தாச்சி எண்ணெயில் வந்திருக்கும். குசினியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்: அக்கா இறால் குழம்பைத் துழாவி, அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டி, அதையே உருளைக்கிழங்குப் பால்கறிக்குள் விடுவார். தவறென்று அவருக்குத் தெரியாது, நாங்கள் சொன்னால்தானே? இறால் கொதிக்கும் ஆவிக்கே மூச்சு இறுகுகிற சிலரும் இருக்கிறார்கள்.

ஊரில் இதை விளங்கப்படுத்த "கிரந்தி" என்ற சொல் கைகொடுக்கும். இறாலும் நண்டும் சூரையும் கத்தரிக்காயும் கிரந்திச் சாமான், கடி எடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிரந்தி என்றால் சொறியோடு போய்விடும் என்பதும் சேர்ந்தே மனதில் இருக்கும். அதனால் நான் ஒரு வரி கூட்டிச் சொல்லச் சொல்வேன்: "எனக்குச் சொறி இல்லை, தொண்டை அடைச்சு மூச்சு நிண்டுபோகும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேணும்." கொஞ்சம் கடுமைதான், பரவாயில்லை. சமைக்கிறவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லி, உங்கள் கறியை முதலில் ஆக்கி மூடி வைக்கக் கேளுங்கள். கலியாண வீடு, அன்னதானம் போன்ற இடங்களுக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது புத்தி.

சூரை சாப்பிட்டு முகம் சிவந்து தலையிடித்தால் எல்லாம் ஒவ்வாமை என்று முடிவு கட்டவேண்டாம். வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் ஊறினாலும் இதே மாதிரித்தான் இருக்கும், ஒரே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வரும்.

கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் எபிபென் போன்ற அட்ரினலின் தானியங்கி ஊசி இரண்டு கொண்டுபோகவேண்டும். இலங்கைப் பாமசியில் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். டொக்டரின் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது, வெயிலில் நிற்கும் ஹயஸ் வானுக்குள் விட்டுவிட்டு இறங்கவும் கூடாது. மூச்சு இழுத்தாலோ, தொண்டை இறுகினாலோ, தலைசுற்றி விழப்பார்த்தாலோ தொடையின் வெளிப்பக்கத்தில் உடுப்புக்கு மேலாகவே குத்தலாம். பிறகு ஆளைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு விடக் கஷ்டமென்றால் இருக்கவிடுங்கள், நடக்கவிடாதீர்கள். ஐந்து நிமிடத்திலும் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. வீட்டில் யாராவது பிரிட்டோன் குளிசையோடு ஓடிவருவார்கள். அது கடியைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது.

1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை, வெளியே தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகள். தங்கும் வீட்டுக்கு எது கிட்ட என்பதைப் போன அன்றே கேட்டு வையுங்கள். சுகமாகிவிட்டது என்று உடனே வீட்டுக்கு வரப்பார்க்காதீர்கள், சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை கிளம்புவது உண்டு. நெடுந்தீவுக்குப் போகிற அன்று இரண்டு ஊசியும் உங்களோடு படகேறட்டும், பெரிய ஆஸ்பத்திரி கடலுக்கு இந்தப் பக்கம் என்பதால் அங்கே கடல் உணவைத் தொடவேண்டாம்.

கடைசியாக, ஊர்த் தண்ணீரில் வயிற்றாலை போனவர்களுக்கு: குடலின் உட்சுவர் புண்பட்டால் லக்டேஸ் தற்காலிகமாகக் குறைந்து, முன்னர் ஒத்துக்கொண்ட பாலும் சில வாரம் ஒத்துக்கொள்ளாது. பாலை நிறுத்திவைத்துப் பாருங்கள். திரும்பி வந்து ஒரு மாதமாகியும் சரிவரவில்லை என்றால் டொக்டரிடம் போய், இலங்கைக்குப் போய்வந்ததை மறக்காமல் சொல்லுங்கள். அவர் மலப் பரிசோதனையில் இருந்து தொடங்குவார்.